ஜப்பானுக்குத் தெரிந்த நாற்பது வார்த்தைகள்

பெங்களூரில் ஜப்பான் மொழியைக் கரைத்துக் குடித்தவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் நாற்பதே வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு முழு ஃபேக்டரியையும் ஆட்டிவைத்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். பீன்யா தொழிற்பேட்டையில் நான் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தபோது ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டவர். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. எங்களுக்கு அவர் 'ஜப்பான்'.

மர்பி டவுன்காரர். ஐம்பத்திரண்டு வயது. அல்சூரில் மெட்ரோ ஏறினால் பீன்யா வரும்வரை செல்போனில் ஜப்பான் கார்ட்டூன் ஓடும். பக்கத்து சீட்டில் காலேஜ் பிள்ளைகளும் அதையே பார்ப்பார்களாம். "அதுங்க கீழே வர்ற இங்கிலீஷைப் படிக்கும். எனக்கு அவ்ளோ வேகமாப் படிக்க வராது. அதான் காதால புடிச்சுக்கிறேன்" என்பார். அப்படிப் பிடித்ததுதான் அந்த நாற்பதும்.

அவரிடம் போய் ஒரு போல்ட் வாங்குவது சாதாரணக் காரியம் இல்லை. "குடாசாய்னு கேளு. அதுக்கு 'தயவுசெஞ்சு குடுங்க'ன்னு அர்த்தம்."

ஹாசன்காரரான லேத் ஆபரேட்டர் கடுப்பாகி, 'குடுங்க, வேலை கிடக்கு' என்று கன்னடத்தில் கத்துவார். "போல்ட் கொடி சார், கெலச இதெ!"

"பாத்தியா! கொடி, குடாசாய். ரெண்டும் சொந்தக்காரங்க!" என்று பூரித்துப்போய் ஒரு போல்ட் கேட்டவருக்கு நாலு கொடுப்பார்.

அவரை 'அண்ணே' என்று கூப்பிடவும் முடியாது. ஜப்பானில் 'அனே' என்றால் அக்காவாம். "ஆம்பளைய அக்கான்னு கூப்புடாதீங்கப்பா!" என்பார். வீட்டில் சாப்பிடும் முன் கைகூப்பி, ஜப்பான்காரர்கள் சாப்பாட்டுக்கு நன்றியாகச் சொல்லும் "இததாகிமாஸ்" என்று ஆரம்பித்தபோது, "சோத்தைப் போட்டவளையே திட்டுறியா?" என்று அவர் மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம்.

இப்படியே சந்தோஷமாகப் போய்க்கொண்டிருந்தவருக்கு ஒரு திங்கட்கிழமை சோதனை வந்தது. ஜப்பானிலிருந்து ஒரு கஸ்டமர் எங்கள் ஃபேக்டரியைப் பார்வையிட வந்திருந்தார். அவர் திருப்தியானால்தான் அடுத்த வருஷ ஆர்டர். அது போனால் ஒரு ஷிஃப்ட்டையே மூட வேண்டியிருக்கும் என்று பேச்சு. வந்தவர் வாசலில் நிற்கிறார். மொழிபெயர்ப்பாளர் கொரகுண்டேபாளையா டிராஃபிக்கில் நிற்கிறார். சேலத்துக்காரரான மேனேஜர் நேரே என்னிடம் வந்தார். "நம்ம ஸ்டோர்ஸ்காரருக்குத்தான் ஜப்பான் தெரியுமே, கூப்புடு!"

ஜப்பான் ஆயில் டிரம்களுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"கண்ணு, எனக்குத் தெரிஞ்சதுல பாதி சண்டையில பேசுறது. 'ஓடு', 'உன்னை விடமாட்டேன்', 'செத்தடா நீ'. இதையா அந்தப் பெரிய மனுஷன்கிட்ட சொல்றது?"

"மீதிப் பாதியச் சொல்லுங்க" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

வந்தவர் அறுபது வயதுக்காரர். ஒல்லியான ஆள். நம்மவர் "ஒஹாயோ கொசாய்மாஸ்" என்று இடுப்பை மடித்து வணங்கியதில் சட்டைப் பையிலிருந்த பேனா, ஸ்கேல், வெர்னியர் எல்லாம் தரையில் கொட்டின. அதற்குப் பிறகு வந்தவர் எதைச் சொன்னாலும் "ஹை, ஹை" என்று தலையாட்டினார்.

மேனேஜர் ஜப்பானின் காதைக் கடித்தார். "என்ன சொல்றாரு?"

"ஏதோ ஒண்ணு சரின்னு சொல்றார் சார். எது சரின்னுதான் தெரியல."

பேசியபடியே வந்தவர் லேத் பக்கம் திரும்பினார். அங்கே தரையில் கூலன்ட் எண்ணெய் குளமாகத் தேங்கியிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. காலைத் தூக்கிவிட்டார்.

"அபுநாய்!" என்று கத்தினார் ஜப்பான்.

வந்தவர் தூக்கிய கால் அந்தரத்தில் அப்படியே நின்றது. எங்கள் மேனேஜரோ "எங்கய்யா நாய்?" என்று பக்கத்திலிருந்த மரப்பலகை அடுக்கின்மேல் தாவி ஏறிவிட்டார். அபுநாய் என்றால் 'ஆபத்து' என்று எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

வந்தவர் எண்ணெயைப் பார்த்தார். பலகைமேல் நின்ற மேனேஜரைப் பார்த்தார். அப்புறம் நம்மவரிடம் மடமடவென்று ஏதோ நீளமாகக் கேட்டார். இந்த முறை "ஹை" வரவில்லை. ஜப்பானின் காது மடல் சிவந்துவிட்டது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கடுகளவு இடைவெளி விட்டுக் காட்டினார். "சுமிமாசென். நிஹோங்கோ, சுகோஷி." மன்னிச்சுக்கோங்க, ஜப்பான் மொழி கொஞ்சூண்டுதான் தெரியும். எங்கள் அத்தனை பேர் முன்னாலும் அதை ஒப்புக்கொள்வது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்!

வந்தவர் சிரித்தார். பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"நல்லா… இருக்… கீங்களா?"

முன்பு சென்னையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவராம். அவரிடமும் ஒரு முப்பது தமிழ் வார்த்தைகள் இருந்தன.

மொழிபெயர்ப்பாளர் ஒருவழியாக வந்து சேர்ந்தபோது இருவரும் கேன்டீனில் தட்டைக் காட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணி, மிஸு. சோறு, கோஹான். வந்தவர் மாங்காய் ஊறுகாயை நாக்கில் வைத்துவிட்டு "கராய்!" என்று அலறினார். "காரம்!" என்று நம்மவரும் அலறினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தொலைந்துபோன பங்காளிகள் சந்தித்தது போல் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஆர்டர் நிலைத்தது. அறிக்கையில் ஒரே ஒரு குறை: தரையைத் துடைக்கவும். மகிழ்ந்துபோன மேனேஜர், "கம்பெனி செலவுல ஜப்பான் கிளாஸுக்குப் போறீங்களா?" என்று கேட்டார்.

"வேணாம் சார். பரீட்சை வெப்பாங்க, பயம் வந்துரும். இப்போ ஜாலியா இருக்கு."

போன வருஷம் எனக்கு ஹெப்பகோடி பக்கம் வேறு வேலை கிடைத்தது. கடைசி நாள் சாயங்காலம் மெட்ரோ ஸ்டேஷன்வரை கூடவே வந்தார். "கெளம்பும்போது அவங்க என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"இத்தே கிமாஸ். போயிட்டு வரேன்னு அர்த்தம். நம்மள மாதிரியேதான் கண்ணு, வெறும் 'போறேன்'னு சொல்ல மாட்டாங்க."

"இத்தே கிமாஸ்" என்றேன்.

அதற்குப் பதிலாக 'போயிட்டு வா' என்று சொல்லவும் ஒரு வார்த்தை இருக்கிறதாம். வாயைத் திறந்தார். வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"மறந்துபோச்சு" என்றார். "நீ போய்ச் சேந்ததும் போன் பண்ணு."