செஞ்சியில் மட்டும் பெய்த மழை

செஞ்சி,
புதன்கிழமை, காலை மணி ஒன்பது.
(எட்டரைக்கு முன்னால் இந்த வீட்டில் யாரும் எதுவும் எழுத முடியாது. காரணம் கீழே வருகிறது.)

அன்பு மச்சான் ஆனந்தராஜுக்கு,

மாமா பெரியதம்பியின் ஆசிகள். வல்லத்தில் நீயும் தங்கச்சி ரஞ்சனியும் புதிதாக வாங்கிய கறவை மாடும் சுகமாக இருக்க அங்காளம்மன் துணை நிற்கட்டும். இங்கே நான் சுகம். உன் அக்கா சுகமா என்பதுதான் நீ கிளப்பியிருக்கும் கேள்வி. ஆகவே அந்த வரியை மட்டும் இப்போதைக்குக் காலியாக விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய குரல் பதிவு கிடைத்தது. "மாமா, அக்கா எந்நேரமும் போனும் கையுமா இருக்குது. அந்த மழைக் கும்பலோடவே குடித்தனம் பண்ணுது. இது ஒடம்புக்கு ஆவாது. ஞாயித்துக்கெழம வர்றேன், டாக்டர் ஒருத்தர்கிட்ட கூட்டினு போயி காட்டிடலாம், போனையும் புடுங்கி வச்சிடலாம்" என்று நீ பேசியிருந்தது ரொம்பத் தெளிவாகக் கேட்டது. ஆனால் மச்சான், என்னுடையது பொத்தான் போன், அதில் அதெல்லாம் வராது என்பதை மறந்து, அதை நீ அனுப்பியதே அக்காவின் போனுக்குத்தான். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, "இந்தா, உனக்குதான் வந்துக்குது" என்று என்னிடம் நீட்டிவிட்டு மாடிக்கு மேகம் பார்க்கப் போய்விட்டாள். அதனால்தான் பதில் கடிதமாக வருகிறது.

ஆரம்பத்தில் நானும் உன் கட்சிதான். அங்கன்வாடியிலிருந்து ஓய்வு பெற்றதும், பிள்ளைகள் சத்தம் இல்லாமல் காது அடைக்கிறது என்று உன் அக்கா ஜெயக்கொடி ஒரு மாதம் அழுதுகொண்டிருந்தாள். அப்புறம் எப்படியோ 'துளிக்கணக்கு' என்ற இணைய மன்றத்தில் போய்ச் சேர்ந்தாள். தமிழ்நாடு முழுக்க, தன் வீட்டு வாசலில் பெய்யும் மழையைத் தானே அளக்கிறவர்கள் கூடும் இடம் அது. சம்பளம் கிடையாது, பரிசு கிடையாது. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து அளந்து எழுத வேண்டும் (அது முடியும்வரை வீட்டில் வேறு யாரும் பேனாவைத் தொடக் கூடாது), பிறகு மத்தியானம் வரை வாதாட வேண்டும். மழை பெய்தால் அந்த மழையைப் பற்றி, பெய்யாவிட்டால் ஏன் பெய்யவில்லை என்பதைப் பற்றி. கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு நாலு மணி நேரம் போகிறது. பால் கேன் மாதிரி, மேலே புனல் வைத்த மானி ஒன்று பார்சலில் வந்தது. மன்றத்து விதிப்படி அதன் பக்கத்தில் மரம் இருக்கக் கூடாது என்று முருங்கைக் கிளை போனது, செம்பருத்திச் செடி வேரோடு போனது, என் பைக் தெருவுக்குப் போனது. வாசல் நடுவில் நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டி, அதற்குள் மனுசக் கால் படவே கூடாது என்று சட்டம் வந்தது. அவள் செய்த வீட்டு வேலையில் பாதி, குழம்பு வைப்பதிலிருந்து அமாவாசைக்குச் சாமி சொம்பு விளக்குவது வரை, என் தலையில் விழுந்தது. முப்பது வருடம் நெல் மண்டியில் மூட்டை எடை போட்டவன் நான். எனக்கு மில்லிமீட்டர் எல்லாம் ஒரு அளவா? "துளிய அளந்து இன்னா பண்ணப் போற?" என்று கேட்டே விட்டேன். "அளக்காம இருந்து நீ இன்னா பண்ண?" என்றாள்.

என் வாயை அடைத்தது போன ஐப்பசிதான். மத்தியானம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், போன் சிணுங்கியதும் எட்டிப் பார்த்தாள். மண்டகப்பட்டு இளவரசன், அவனும் மன்றத்து ஆள்தான், "இங்க ஊத்துது, மேற்கால நகருது, செஞ்சி உஷார்" என்று எழுதியிருந்தான். வானத்தில் அப்போது ஒரு பஞ்சு கூட இல்லை. கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே போட்டுவிட்டு "மண்டிக்கு ஓடுய்யா, நெல்லு வெட்ட வெளியில கெடக்குது" என்று கத்தினாள். பைக் ஏற்கெனவே தெருவில் நின்றதால் உடனே கிளம்ப முடிந்தது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். மண்டியில் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் தார்ப்பாய் போட்டார்கள். அரை மணியில் கொட்டியது பார், அதற்கப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அதே நேரம் உனக்கும் போன் பண்ணி, "டேய், களத்துல காயுற கடலைய மூடுடா" என்று அவள் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "அக்கா சொல்லலன்னா அத்தினியும் மொளச்சிருக்கும்" என்று நீதான் சொன்னாய். இப்போது அந்தப் போனைத்தான் பிடுங்க வருகிறாய்.

உடம்புக்கு ஆகாது என்றாயே. மேகம் பார்க்க ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மாடி ஏறி இறங்கி அவளுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது. எனக்குத்தான், கீழே உட்கார்ந்து அவளைக் குறை சொல்லிக்கொண்டே இருந்ததில், கூடியிருக்கிறது. தை மாதம் இரண்டு பேரும் காய்ச்சலில் விழுந்தோமே, ஒருநாள் அவளால் எட்டரைக்கு எழுந்திருக்க முடியவில்லை. ஒன்பது மணிக்குள் பதினோரு பேர், "செஞ்சிக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டுவிட்டார்கள். அங்கே அவள் பெயரே செஞ்சிதான். பத்து மணிக்கு இளவரசன் தூக்குவாளியில் கஞ்சியோடு வந்து நின்றான். உள்ளே வருவதற்கு முன், "அக்கா, நேரமாயிடுச்சி, மானிய மட்டும் பாத்துட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டான் பார், அவன்தான் மனுஷன். நீ நாலாம் நாள் இரண்டு ஆப்பிளோடு வந்தாய். அதையும் நாங்கள் குறைவாக நினைக்கவில்லை.

இப்போது முக்கியமான சங்கதி. போன அமாவாசைக்கு முந்தின ராத்திரி லேசான தூறல். காலையில் சுற்று வட்டாரத்தில் எல்லோரும் இரண்டு மில்லிமீட்டர் என்று எழுத, உன் அக்கா பதினாறு என்று எழுதினாள். மன்றமே கொதித்துவிட்டது. பதினாலு எங்கிருந்து வந்தது? இருநூறு பதில்கள். யாரோ ஒருத்தன், "செஞ்சி சொம்புல ஊத்தி அளக்குது போல" என்று எழுதிவிட்டான். மச்சான், அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. "பொய்க் கணக்கு எழுதுற கையாய்யா இது?" என்று என் முன்னால் கையை நீட்டினாள். இருபத்தெட்டு வருடம் அங்கன்வாடியில் ஒரு பிள்ளையின் எடையைக் கூட மாற்றி எழுதாத கை. பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் மன்றத்திலிருந்து ஒன்பது பேர் நேரிலேயே வந்துவிட்டார்கள். தலைமை, திண்டிவனத்தில் பாடம் நடத்தும் பூங்குழலி அம்மா. மட்டம் வைத்துப் பார்த்தார்கள், ஓட்டை தேடினார்கள், தண்ணீர் ஊற்றிச் சோதித்தார்கள், கயிற்றுக்குள் யாராவது போனார்களா என்று விசாரித்தார்கள். அன்று வெயில் அதிகம், எனக்கு வியர்த்துக் கொட்டியது. கடைசியில் பூங்குழலி அம்மா ராஜகிரி மலையை நிமிர்ந்து வெகு நேரம் பார்த்துவிட்டு, "மானி சரி, கணக்கும் சரி. மேகம் மலையில முட்டி இங்க மட்டும் கொட்டியிருக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். அதற்குச் 'செஞ்சி ஒற்றை மேகம்' என்று பெயரும் வைத்தாகிவிட்டது. உன் அக்கா அழுதுகொண்டே ஒன்பது பேருக்கும் தோசை சுட்டாள். பதினாலு மில்லிமீட்டருக்காகப் பஸ் பிடித்து வந்து, ஒரு பொம்பளையின் சொல்லைக் காப்பாற்றிவிட்டுப் போகிற கூட்டம் வேறு எங்கே இருக்கிறது? சொந்தக்காரன் நான் சொல்கிறேன், நம் சொந்தத்தில் இல்லை. அவர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ஆகையால் டாக்டரை விட்டுவிடு. ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் வா, சாப்பிட்டுவிட்டுப் போ. பைக்கைத் தெருவிலேயே நிறுத்து. மேலே காலியாக விட்ட வரியை இப்படி நிரப்பிக்கொள்: உன் அக்கா பரம சுகம்.

தங்கச்சிக்கு என் அன்பு. கடலைக்கும் மாட்டுக்கும் கண் படாமல் இருக்க ஆசிகள்.

இப்படிக்கு,
மாமா பெரியதம்பி

பின்குறிப்பு: இதைப் படித்ததும் கிழித்துவிடு. அந்தப் பதினாலு மில்லிமீட்டர் நான்தான். அமாவாசை விடியலில் சாமி சொம்பை விளக்கினேன். அதில் கழுத்துவரை இருந்த பழைய தண்ணீரைக் கால் படாத இடத்தில்தானே ஊற்ற வேண்டும்? எப்போதும் ஊற்றும் செம்பருத்தியை அவள் பிடுங்கிவிட்டாள். வாசல் முழுக்கத் தேடினேன். இந்த வீட்டில் மனுசக் கால் படாத ஒரே இடம் அந்தக் கயிற்றுக்குள்தான். எட்டி நின்று, புனலும் கைக்கு வாகாக இருந்ததால், பயபக்தியோடு ஊற்றினேன். அது கணக்கில் ஏறும் என்று சாமி சத்தியமாக அப்போது தோன்றவில்லை. அவள் கையை நீட்டிக் கேட்டபோதுதான் தோன்றியது. அப்போதே சொல்லியிருக்கலாம், பயந்துவிட்டேன். வரும் அமாவாசைக்கு அந்த மேகத்தைப் படம் பிடிக்க இருபது பேர் வருகிறார்கள். மூட்டைக்கு ஒரு கிலோ ஏமாற்றாதவன், அவளுடைய நோட்டில் பொய்யை ஊற்றிவிட்டேன். என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும்.

பின்குறிப்புக்கும் பின்னால்: கிழிக்க வேண்டாம். தபால் தலை கேட்டேன், ஒட்டித் தருகிறேன் என்று வாங்கியவள் நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்துவிட்டாள். நேராகப் போனை எடுத்து, "திருத்தம். அமாவாசை, செஞ்சி: பதினாறு அல்ல, இரண்டு. மேகம் என் வீட்டுக்காரர், மழை அவர் ஊற்றிய சாமி சொம்பு" என்று எழுதிவிட்டாள். இனி யாரும் அவளை நம்ப மாட்டார்கள் என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். ஐந்து நிமிடத்தில் பூங்குழலி அம்மாவிடமிருந்து பதில்: "செஞ்சி, இப்பதான் உங்க கணக்கு மேல முழு நம்பிக்கை வந்துச்சி. அந்தச் சொம்பு எவ்ளோ பிடிக்கும்?" அப்புறம் எழுபது பேர் அதையே கேட்டார்கள். மன்றத்தில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். பெயர் சொம்பு. இப்போதுதான் இரண்டு பேரும் கயிற்றுக்குள் உட்கார்ந்து, அதே சொம்பில் கழுத்துவரை தண்ணீர் பிடித்து, மானியில் ஊற்றி அளந்தோம். பதினாலு, மச்சான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.