நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்

அலுவலகத்தில் கற்ற வித்தையை வீட்டில் காட்டக் கூடாது. நான் காட்டினேன்.

அப்போது சேலத்தில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஒப்பந்தப் பிரிவில் எனக்கு ஒன்றரை வருட அனுபவம். வேலை தாமதமானால் நாளொன்றுக்கு இவ்வளவு இழப்பீடு என்ற பத்தியைத் தட்டச்சு செய்து செய்து (எழுதியது மேலாளர், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை), உலகத்துத் தாமதமெல்லாம் என் கைப்பிடிக்குள் இருப்பதாக ஒரு நினைப்பு. அந்தச் சமயம் பார்த்து ராசிபுரத்தில் என் மாமனார் வீடு கட்ட ஆரம்பித்தார்.

கான்ட்ராக்டர் செங்கோட்டுவேல் முன்னால் பதினோரு பக்க ஒப்பந்தத்தை வைத்தேன். பட்டுச்சேலை வியாபாரத்தை வாய்வார்த்தையிலேயே நடத்தி வந்த மாமனார் நெளிந்தார்.

"தெரிஞ்ச மனுசங்கிட்ட எதுக்கு அம்மிணி இதெல்லாம்?"

"எட்டு மாசத்துல முடிக்கலைன்னா நாளுக்கு ஆயிரம் ரூபாய் மாமா. அப்பத்தான் பயம் இருக்கும்."

செங்கோட்டுவேல் பயப்படவில்லை. விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். "நல்லாத்தான் இருக்குதுங்க. உங்களால லேட்டானா நீங்களும் அதே ஆயிரத்தக் குடுக்கோணும்னு ஒரு வரி சேத்துக்கலாமுங்களா?"

"தாராளமா!" என்றேன். வீட்டுக்காரர்கள் எங்காவது தாமதம் செய்வார்களா?

வீடு இருபது நாள் தாமதமாக முடிந்தது. சுண்ணாம்பு வாசம் போகாத கூடத்தில், வெளியூரிலிருந்த நாத்தனார் தவிர மொத்தக் குடும்பமும் பார்க்க, கால்குலேட்டரும் கையுமாக உட்கார்ந்தேன். "இருபதாயிரம் கழிச்சுக்கறோம்" என்றேன், நீதிபதி குரலில்.

செங்கோட்டுவேல் ஒரு டைரியை எடுத்தார்.

"மாடிப்படி பதினெட்டு வருது, ஒத்தப்படையா வேணும்னு ஐயா இடிக்கச் சொன்னாரு. ஒம்பது நாளுங்க. சமையக்கட்டு சன்னல அம்மா தள்ளி வெக்கச் சொன்னாங்க. எட்டு நாளுங்க. டைல்ஸ் கலருக்கு நீங்களும் சாரும் பேச்சுவார்த்தை இல்லாம இருந்தது பதினாலு நாளுங்க."

மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கணவரின் கையெழுத்து.

"சிமெண்ட் வந்ததுக்குக் கையெழுத்து கேக்கறாருன்னு நெனச்சேன்" என்றார் அந்த மகானுபாவர்.

"அப்ப, உங்க முப்பத்தோரு நாள் இல்லைன்னா பதினோரு நாள் முன்னாடியே சாவி குடுத்திருப்பேனுங்க. எனக்குத்தான் முப்பத்தோராயிரம் வரோணும்."

வேறு யாராவது என்றால் அங்கே நிறுத்தியிருப்பார்கள். நான் சட்டம் பேசினேன். எழுதிய தொகை உச்சவரம்புதான், உண்மையில் ஆன நஷ்டத்துக்கு நியாயமானது மட்டுமே கிடைக்கும், இஷ்டத்துக்குத் தண்டம் வசூலிக்க முடியாது என்று மூச்சுவிடாமல் விளக்கினேன். (அத்தனையும் சரி. என் பத்தியை நானே வெட்டிச் சாய்த்ததுதான் கொஞ்சம் இடித்தது.)

அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஆயிரம்னு எதுக்குங்க எழுதுனீங்க?" என்றார்.

"பயம் இருக்கும்னு" என்றார் மாமனார், எனக்கு உதவுவதாக நினைத்து.

டைல்ஸ் ஆட்களைச் சும்மா உட்கார வைத்துக் கொடுத்த கூலிக் கணக்கும் அதே டைரியில் இருந்தது. கடைசியில் பதினைந்தாயிரத்துக்கு இறங்கி வந்தார். மாமனார் இரண்டு முறை எண்ணிக் கொடுத்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே செங்கோட்டுவேல் திரும்பினார். "அம்மிணி, இந்தப் பத்தி ரொம்ப நல்லா இருக்குதுங்க. மத்த எடத்துலயும் போட்டுக்கலாமுங்களா?"

தோற்ற முகத்தோடும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. "போட்டுக்குங்க" என்றேன்.

போன வருடம் என் நாத்தனார் நாமகிரிப்பேட்டையில் வீடு கட்டினாள். கான்ட்ராக்டர் வேறொருவர். வேலை முடிந்ததும் போனில் கொதித்தாள். "வாஸ்துக்காக ஒரு கதவ மாத்துனதுக்கு இருவத்திரண்டாயிரம் கேக்கறான் அண்ணி! ஒப்பந்தத்துல இருக்குதாம். இந்தப் பத்திய எழுதுனவன் மட்டும் என் கையில கெடைச்சான்..."

அவள் அனுப்பிய ஒப்பந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"யாரு எழுதியிருப்பாங்க அண்ணி?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து என் கணவர் போனை வாங்கி, "இங்கதான் இருக்கா, வந்து புடிச்சுக்கோ" என்றார்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் அஸ்திவாரம் தோண்டினாலும், பூமி பூஜைப் பத்திரிகை எனக்கு மட்டும் பூஜை முடிந்த பிறகுதான் வருகிறது.