கதவுக்குக் காமாலை

ஞாயிற்றுக்கிழமைகளில் உத்திரமேரூரிலிருந்து பொன்னாந்தாங்கல் போகும் பஸ்ஸில் கூரைமேல்கூட இடம் கிடைக்காது. மற்ற ஆறு நாளும் அதே பஸ்ஸில் டிரைவரும் கண்டக்டரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போவார்கள்.

அத்தனை கூட்டமும் இறங்குவது ஆஸ்பத்திரி வாசலில். அரசினர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று பலகை சொல்கிறது. டாக்டர் உண்டு, சம்பளப் பட்டியலில். எமர்ஜென்சி நேரத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஒருமுறை நேரிலும் வந்தார், ஜீப்பில், போலீசோடு. கேட்ட ஆட்கள் கிடைத்ததும் ஜீப் போய்விட்டது. இரண்டு வருஷமாகக் கதவில் பூட்டு.

கூட்டம் அந்த டாக்டரைத் தேடி வரவில்லை. பூட்டிய கதவுக்கு முன்னால், ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், புலித்தோல் அச்சடித்த ஜமக்காளத்தில் உட்கார்ந்திருக்கும் ஏகாம்பர சாமியைத் தேடி வந்தது. இடம் தந்து உபகரித்தவர் வாட்ச்மேன் வீரபத்திரன். பூட்டிக் கிடக்கும் ஆஸ்பத்திரிக்கு வாட்ச்மேன் எதற்கு என்று கேட்காதீர்கள். அரசாங்கமே கேட்கவில்லை.

சாமி காமாலையைக் கழுவி எடுப்பார். மருந்து கிடையாது, ஊசி கிடையாது. நோயாளி இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். சாமி மண்சட்டியிலிருந்து ஈரத்துணியை எடுத்து முழங்கைவரை துடைப்பார். "மேலழுக்கு போவட்டும்" என்பார். பிறகு பித்தளைச் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவார். செம்பிலிருந்து கிளம்பும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். கையில் பட்டு, கீழே வெள்ளைப் பீங்கான் பேசினில் விழும்போது மஞ்சள். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க.

"பாரு, பாரு, எறங்குது!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

மூன்று ஞாயிறு கழுவ வேண்டும். முதல் வாரம் தண்ணீர் அடர்மஞ்சள். அடுத்த வாரம் வெளிறிய மஞ்சள். மூன்றாவது வாரம் ஊற்றினபடியே தெளிவாக விழும். நோய் போய்விட்டது என்று அர்த்தம். சாமி காணிக்கை கேட்கமாட்டார். பக்கத்தில் உண்டியல் வாயைத் திறந்துகொண்டு நிற்கும்போது அவர் ஏன் திறக்க வேண்டும்?

பாஞ்சாலி தன் கணவன் தாண்டவராயனை அங்கே கூட்டிவந்தாள். அவள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள். அவன் உத்திரமேரூரில் பீர் முகம்மது பாயின் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். இரண்டு பேர் பிடிக்கிற மூட்டையை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றுகிற உடம்பு. ஒரு நாள் சோற்றைக் கண்டு ஓங்கரித்தான். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது.

செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரி இருப்பது பாஞ்சாலிக்குத் தெரியும். இரண்டு பஸ் மாற வேண்டும். சீட்டு எழுதச் சொல்ல நாக்கு வேண்டும். போதாததற்கு அவள் அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய் என்ன செய்து அனுப்பினார்கள் என்பதும் தெரியும். ஆஸ்பத்திரி என்றால் அவளுக்குக் கத்திதான் நினைவுக்கு வந்தது. சாமியிடம் கத்தி இல்லை, செம்புதான் இருந்தது.

முதல் ஞாயிறு தாண்டவராயனால் கையை நீட்டி வைத்திருக்க முடியவில்லை. பாஞ்சாலி அவன் மணிக்கட்டுகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். சாமியின் துணி அவன் கையோடு அவள் கையையும் நனைத்தது. தண்ணீரை ஊற்றுமுன், "நீ கையை எட்த்துக்கோமே" என்றார் சாமி. எடுத்துக்கொண்டாள். தண்ணீர் மஞ்சளாகக் கொட்டியது. அவள் அழுதேவிட்டாள்.

திரும்பும்போது வண்டியில் வெற்றிலை போட்டாள். சுண்ணாம்பைத் தடவிவிட்டு விரலில் மீந்ததை உள்ளங்கையில் துடைத்தாள். உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது.

மென்ற வெற்றிலையை வெளியே துப்பினாள். நோய் தனக்கும் தொற்றிவிட்டது. அப்படித்தான் அவள் நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. தானும் படுத்தால் அவனுக்குக் கஞ்சி வைக்க ஆள் இல்லை.

இரண்டாம் ஞாயிறும் கையைத் தாங்கிப் பிடித்தாள். வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளங்கையில் சுண்ணாம்பைத் தடவிப் பார்த்தாள். மஞ்சள் வெளிறியிருந்தது. 'எனக்கும் எறங்குது' என்று சாமி இருந்த திசை பார்த்துக் கும்பிட்டாள். மருந்து இல்லை, ஊசி இல்லை, இப்போது நோயாளிகூடத் தேவையில்லை. சாமியின் வைத்தியம் அவ்வளவு மேலானது.

மூன்றாம் ஞாயிறு தாண்டவராயனை மாட்டு வண்டியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தாள். பகலெல்லாம் தூங்கினான். எழுப்பினால் அவளை அம்மா என்று கூப்பிட்டான். வயிறு மட்டும் பெருத்திருந்தது. தாழ்வாரத்தில் கிடத்தினார்கள். துணி துடைத்தது. செம்பு கவிழ்ந்தது. தண்ணீர் தெளிவாக விழுந்தது.

"போயிடுச்சுமே!" என்றார் சாமி. "தண்ணியைப் பாரு, பன்னீர் மாதிரி கீது."

கூட்டம் ஒரு குரலாகச் சாமியே என்றது.

பாஞ்சாலி தண்ணீரைப் பார்த்தாள். கணவன் கண்ணைப் பார்த்தாள்.

"தண்ணிக்கு நல்லாயிடுச்சு சாமி. இவருக்கு எப்போ நல்லாவும்? கண்ணு முன்னைக்கு இப்போ இன்னும் மஞ்சளாக்கீதே."

"பித்தம் தலைக்கு ஏறி எறங்கிக்கினு கீது. தூங்கட்டும் வுடு. இங்கிலீஷ் ஊசி கீசி போட்டேன்னு வெச்சிக்கோ, அடுத்த நிமிசம் உன் தாலி அறுந்துடும்."

அந்த நேரம் மார்த்தாள் அந்த வழியாக வந்தாள். ஐந்து கிராமத்துக்கு அவள் ஒருத்திதான் நர்ஸ். வாகனம் அவள் கால். எங்கோ பிரசவம் பார்த்துவிட்டுப் பையோடு போனவள், வண்டியையும் கிடக்கிற ஆளையும் பார்த்து நின்றாள். உட்கார்ந்து இமையைத் தூக்கிப் பார்த்தாள். கையை நீட்டச் சொன்னாள். நீட்டிய கை பறவையின் இறக்கைபோல அடித்துக்கொண்டது.

"இன்னிக்கு இன்னா கெயமை, சொல்லு?"

"அம்மா, இன்னும் ரெண்டு மூட்டை கீது" என்றான் தாண்டவராயன்.

மார்த்தாள் எழுந்தாள். "பாஞ்சாலி, இப்பவே செங்கல்பட்டுக்கு இட்டுக்கினு போ. மூளைக்கு ஏறிக்கினு கீது. நாளைக்குன்னா ஆளு கெடைக்காது."

"இன்னா நர்சம்மா இப்படிப் பேசறே?" கூட்டத்தில் ஒருவர் கோபித்துக்கொண்டார். "சாமி எத்தினி பேரைப் பொயைக்க வெச்சிக்கீறாரு! என் மச்சான் இப்போ ஏரு ஓட்டறான்."

"நூறு பேருக்குக் காமாலை வந்தா தொண்ணூறு பேருக்குத் தானாவே போயிடும், நைனா. கை கய்வினாலும் போவும், காலு கய்வினாலும் போவும். அந்தத் தொண்ணூறு பேரு ஊரெல்லாம் சாமி புகழ் பாடிக்கினு திரியறாங்க. மிச்சம் பத்து பேரு சுடுகாட்டுக்குப் போயிட்டாங்க. அவங்க வந்தா சொல்லப் போறாங்க?"

கூட்டத்துக்கு இது பிடிக்கவில்லை. இறந்தவர்களைப் பற்றி நல்ல நாளில் பேசலாமா?

பாஞ்சாலி நர்ஸை ஓரமாக இழுத்தாள். "நர்சம்மா, எனக்கும் வந்துச்சு. சொல்லல. உள்ளங்கையெல்லாம் மஞ்சளாச்சு."

மார்த்தாள் அவள் இமையைத் தூக்கினாள். "உன் கண்ணு முட்டை மாதிரி வெள்ளையா கீது. கை மட்டும் எப்படி மஞ்சளாவும்? எப்போ ஆச்சு?"

"சுண்ணாம்பு பட்டப்போ."

"எந்தக் கையி?"

"இவரைப் புட்ச்சிக்கினு இருந்த கையி. சாமி துணி பட்ட கையி..."

சொல்லி முடித்த பிறகுதான், தான் சொன்னது என்னவென்று பாஞ்சாலிக்கே கேட்டது.

சாமிக்கும் கேட்டது. குரலை உயர்த்தினார். "புருசன் நோவு பொண்டாட்டிக்கு வராதா? வாமே இப்படி, உனக்கும் மூணு வாரம் கய்வணும். ஒடம்புன்னு ஒண்ணு இருந்தா உள்ளே காமாலை ஒளிஞ்சிக்கினு தான் இருக்கும்."

"ஒடம்பு இல்லாததுக்கு, சாமி?" என்றாள் பாஞ்சாலி.

"இன்னா?"

பாஞ்சாலி சட்டிகளைப் பார்த்தாள். முதல் வாரத்துக்காரர்களுக்கு என்று தனியாக ஒரு சட்டி இருந்தது. வரிசையில் அடுத்து நின்றவள் பீர் முகம்மது பாயின் மனைவி மெஹர்பானு. பாய் அவளை லாரியில் கூட்டிவந்திருந்தார். நோய்க்கு மதம் கிடையாது, ஏமாறுவதற்கும் கிடையாது. பாஞ்சாலி அந்தச் சட்டியில் கைவிட்டுத் துணியை எடுத்தாள். சுற்றிப் பார்த்தாள். உடம்பு இல்லாத பொருள் சாமியின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றது. வெள்ளைப் பெயிண்ட் அடித்த ஆஸ்பத்திரிக் கதவு. அதை மேலிருந்து கீழ்வரை துடைத்தாள். சாமி எழுந்திருப்பதற்குள் செம்பைத் தூக்கிக் கதவில் ஊற்றினாள்.

கதவு மஞ்சளாக வழிந்தது.

கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"சாமி" என்றாள் பாஞ்சாலி. "இதுக்கு முத்திப்போன காமாலை. எத்தினி வாரம் கய்வணும்?"

எவரோ சிரித்தார். சாமி சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரிக் கதவு. நோயாளிங்க தொட்டுத் தொட்டு..."

"ரெண்டு வருசமா எவன் தொட்டான்?" என்றாள் மார்த்தாள். பிறகு மெஹர்பானுவிடம் திரும்பினாள். "நீங்க வாங்கம்மா. துணி வேணாம். சும்மா கையை நீட்டுங்க."

மெஹர்பானுவின் கண் எலுமிச்சம்பழம். நீட்டிய கைகளில் பாஞ்சாலி அதே செம்பிலிருந்து ஊற்றினாள். பேசினில் விழுந்த தண்ணீரில் மஞ்சள் பொட்டுக்கூட இல்லை. இன்னொரு தடவை ஊற்றினாள். இல்லை.

"யா அல்லா" என்றாள் மெஹர்பானு. "பூட்டின கதவுக்குக் காமாலை கீதாம். எனக்கு இல்லியாம்."

மார்த்தாள் சட்டியை மோந்து பார்த்தாள். "மாம்பட்டை ஊறின தண்ணி." செம்பில் விரலைத் தோய்த்து நாக்கு நுனியில் வைத்துக்கொண்டாள். "சுண்ணாம்பைக் கரைச்சுத் தெளிய வெச்சது. மொத வாரம் சட்டியில பட்டை ஜாஸ்தி. ரெண்டாம் வாரம் கம்மி. மூணாம் வாரம் வெறும் பச்சைத் தண்ணி. நோவு எறங்கல, பட்டைதான் எறங்கிக்கினு வந்துச்சு."

அங்கே நின்ற பெண்களில் ஆரத்தி சுற்றுவதைப் பார்க்காதவள் ஒருத்தியும் கிடையாது. மஞ்சள்தூள் போட்ட தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் ரத்தமாகச் சிவக்கும். சுற்றித் தெருவில் கொட்டிவிட்டுச் சோறு வடிக்கப் போவார்கள். ரத்தம் எங்கிருந்து வந்தது என்று யாரும் மயங்கி விழுந்ததில்லை. அதே சுண்ணாம்பு இங்கே வேறொன்றைத் தொட்டு மஞ்சளானபோது மட்டும் தெய்வம் தெரிந்தது. சாமி காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் நூல் முக்கிக்கொண்டிருந்தவர் என்பது பிற்பாடு தெரிந்தது. ஊரையே முக்கலாம் என்று அங்கே கற்றிருக்கிறார்.

வாட்ச்மேன் வீரபத்திரனுக்கு அன்றுதான் முதல்முறையாக நிலவரத்தைக் கவனிக்கும் வேலை வந்தது. கவனித்தார், ஓடினார்.

சாமி ஓடவில்லை. கடைசியாக ஒன்று வைத்திருந்தார். எழுந்து நின்று கூட்டத்தைப் பார்த்தார். "சரி, நான் திருடன். ஆனா மய பேஞ்சாலும் வெயில் அடிச்சாலும் வாரா வாரம் வந்துக்கினு கீறேன். உங்க டாக்டர் வந்தாரா? சொல்லுங்க, ஒரு நாளு வந்தாரா?"

கூட்டம் தரையைப் பார்த்தது. உண்மை அது. திருடன் வாயிலிருந்து வந்ததால் பொய்யாகிவிடாது.

"வர்றவன் எல்லாம் வைத்தியனா?" என்றாள் பாஞ்சாலி. "காக்காகூடத்தான் தெனம் வருது. அதாண்ட போய்க் கையை நீட்டறமா?"

அப்போதுதான் கூட்டத்துக்கு உயிர் வந்தது. முதல் செருப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. சாமி ஜமக்காளத்தை விட்டுவிட்டு ஏரிக்கரைப் பக்கம் பாய்ந்தார். உண்டியலை விடவில்லை.

பாஞ்சாலிக்கு அதைப் பார்க்க நேரமில்லை. "பாய், லாரி..." என்றாள்.

"கேக்கணுமா தங்கச்சி? ஏத்து" என்றார் பீர் முகம்மது. முன்னால் மெஹர்பானு உட்கார்ந்தாள். பின்னால் காலிச் சாக்குகளின்மேல் தாண்டவராயனைக் கிடத்தினார்கள். மார்த்தாள் ஒரு சீட்டு எழுதி பாஞ்சாலியின் கையில் திணித்தாள். வண்டி கிளம்பியது.

செங்கல்பட்டில் இளம் டாக்டர் ஒருவர் தாண்டவராயனின் கண்ணைப் பார்த்துவிட்டுத் திட்டினார். "மூணு வாரமா என்னம்மா பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"கை கய்விக்கினு இருந்தோம், டாக்டர்" என்றாள் பாஞ்சாலி.

டாக்டர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதவில்லை.

பதினோரு நாள் அவன் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாமல் கிடந்தான். பன்னிரண்டாம் நாள் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். இனி ஒரு வருஷத்துக்கு மூட்டை தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மெஹர்பானுவுக்கோ அதற்கு முன்பே தானாகச் சரியாகிவிட்டது. அவள் அந்தத் தொண்ணூறில் ஒருத்தி.

ஊர் திரும்பியபோது ஆஸ்பத்திரி வாசலில் கூட்டம். டாக்டர் வந்துவிட்டாரோ என்று பாஞ்சாலி வேகமாக நடந்தாள்.

கதவில் வழிந்த மஞ்சள் அழியவே இல்லை. அதன்மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். மாலை போட்டிருந்தார்கள். பூட்டுக்குக்கூட ஒரு முழம் கதம்பம். கீழே கற்பூரம் எரிந்தது. தட்டோடு நின்றவர் வீரபத்திரன். ஓர் ஆள் இரண்டு கைகளையும் கதவில் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இன்னா பண்றே நீ?"

"உனக்குத் தெரியாதா? எல்லாரு காமாலையையும் இந்தக் கதவு வாங்கிக்குதாம். சாமி பொய்யிதான். நீயே சொல்லிட்டே. ஆனா கதவு மஞ்சளானது மெய்யாச்சே? நாங்க கண்ணால பார்த்தமே!"

பாஞ்சாலி படியேறினாள். மாலையை அறுத்தாள். கற்பூரத்தைக் காலால் தேய்த்தாள். கூட்டம் ஐயோ என்றது. கதவுக்கு முதுகைக் காட்டி நின்று அவர்களைப் பார்த்தாள்.

"இது கும்பிட்டா தொறக்கிற கதவா? புத்தி கீற ஜனமா இருந்தா, சாவி எவன்கிட்ட கீதுன்னு கேளுங்க."