ஜெயம்மா படுத்திருக்கும் பாதுகாப்பு வலயம்

அன்புள்ள மச்சான் கிருஷ்ணகுமாருக்கு,

ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டத்திலிருந்து அத்தான் இருளப்பன் எழுதுவது. நான் சுகம், என் மூட்டுவலியும் குறையில்லாமல் இருக்கிறது. எம்பிலிப்பிட்டியவில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நலமாயிருக்க முருகன் துணை.

உங்கள் அக்கா ஜெயம்மாவின் வருசத் திதிக்கு வந்து, குழிமேட்டில் விளக்கு வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வர வேண்டாம் மச்சான். நம் றப்பரை வாங்கும் கம்பெனிகள், இங்கே இயற்கையைக் காப்பாற்றுகிறோமா என்று பார்த்து சேர்ட்டிபிக்கட் கொடுக்க இரண்டு வெள்ளைக்காரர்களை அனுப்பின. ஒருவர் அமெரிக்கா, மற்றவர் ஜெர்மனி, இருவரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தார்கள். மரம் அடர்ந்த இடம் எது என்று கேட்டதும் தோட்ட ஆபீஸ் கிளாக்கர் தனுஷன் நேரே நம் மயானத்துக்குக் கூட்டிப் போய்விட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, செத்தவர்கள் கோபிப்பார்கள் என்று அங்கே ஒரு சுள்ளிகூட நாம் ஒடிப்பதில்லையே. அங்கே நின்றுகொண்டு இரண்டு பேருக்கும் வாக்குவாதம். தனுஷன்தான் எனக்குத் தமிழில் சொன்னார்.

"ஒலகத்துலயே மொதல்ல காட்டுக்கு எல்லை போட்டுக் காப்பாத்தினது நாங்கதான்னு அமெரிக்கா சொல்றாருங்க. அங்க இருந்த சனத்த வெரட்டிட்டுத்தானே காப்பாத்துனீங்க, காட்டெருமைய கூட்டங்கூட்டமா சுட்டதும் நீங்கதானேன்னு ஜெர்மனி கேக்குறாரு. ஒங்க ஊருல காப்பாத்த காடு எங்க மிச்சம் இருக்குன்னு அமெரிக்கா கேக்குறாரு. ஒரு தவளைக்காக ரோட்டையே நிறுத்துற சட்டம் எங்ககிட்ட இருக்குன்னு ஜெர்மனி சொல்றாரு."

ஜெயம்மாவை மிதித்துவிடப் போகிறார்களே என்று நான் அவர்கள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

யார் ஜெயித்தார்கள் என்று கேட்பீர்கள். இருவரும்தான். தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு இரண்டு சேர்ட்டிபிக்கட்டும் வேண்டுமே. அமெரிக்கர் சொற்படி மயானம் இனிப் பாதுகாப்பு வலயமாம், சுற்றிக் கம்பி வேலி, ஆள் நுழையத் தடை. ஜெர்மன்காரர் சொற்படி உள்ளே இருந்த அந்நியச் செடியெல்லாம் வேரோடு பிடுங்கியாயிற்று. ஜெயம்மாவின் தலைமாட்டில் நான் நட்ட குரோட்டன் செடியும் போயிற்று. கல்லறை கட்ட நமக்கு ஏது வசதி, செடிதானே மச்சான் அடையாளம்? மேடுகளும் மழையில் கரைந்து எல்லாம் ஒன்றுபோலாகிவிட்டன. வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன், எது அவள் என்று தெரியவில்லை. அழுதுவிட்டேன்.

"இப்ப எங்கள வெரட்டுறது யாருங்க?" என்று தனுஷனிடம் கேட்டேன்.

"சும்மா இருங்கண்ணே, ரெண்டு பேருமே ரொம்ப நல்லவங்க" என்றார்.

ஆகவே உங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் சொல்லி துரைக்குக் காரமாக ஒரு பெட்டிசம் அனுப்புங்கள். அந்தப் பக்கம் இனி நான் தலைவைத்தும் படுக்க மாட்டேன். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்
இருளப்பன்

பி.கு.: பெட்டிசம் வேண்டாம். தபாலுக்குக் கிளம்பும்போது துரை கூப்பிட்டு, அந்த வலயத்துக்கு என்னையே வாட்ச்சராகப் போட்டுவிட்டார். உள்ளே போக அனுமதியுள்ள ஒரே ஆள் இப்போது நான்தான். மற்றவர்களை விரட்டுவது என் வேலை. திதிக்குக் கட்டாயம் வாருங்கள். வேலிக்கு வெளியே நின்று கும்பிடுங்கள், காலை உள்ளே வைத்தால் விசிலடிக்க வேண்டியிருக்கும். நான் எல்லா மேட்டிலும் ஒவ்வொரு விளக்கு வைக்கிறேன். ஏதாவது ஒன்று உங்கள் அக்காவுக்குப் போய்ச் சேரும்.