கப்பல்காரனுக்குக் கை வைத்தவள்

பஞ்சவர்ணத்துக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. கடை திறந்ததிலிருந்து தரையில் சம்மணம் போட்டு, பிளாஸ்டிக் கட்டைகளைப் பொருத்திக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தாள். பட்டாசு ஆலையில் சரவெடி பின்னியே பாதி செத்த இடுப்பு அது. மீதியும் இன்றைக்குப் போய்விடும் போலிருந்தது.

விருதுநகர் பஜாரில் முகம்மது நூகு புதிதாகத் திறந்த பொம்மைக்கடை. சூலக்கரைக்குக் கலெக்டர் ஆபீஸ் வேலையாகக் கிளம்பும்போது பாய் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: "வெளக்குப் போடும்போது இந்தக் கப்பலு கண்ணாடிக்குப் பின்னால நிக்கணும். அது நின்னாத்தான் ஒன் வேலையும் நிக்கும்."

இனி ஆலையின் வெடிமருந்து ரூமில் உட்காருவதில்லை என்று பிள்ளைகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தவள் பஞ்சவர்ணம். உயிரே போனாலும் கட்டி முடிப்பது என்று இருந்தாள்.

கப்பல் சரியாகத்தான் வந்தது. வில்லங்கம் அதன் தலைவன் பொம்மையில். ஒரு கண்ணில் கறுப்புத் துணி. ஒரு கைக்குப் பதில் கொக்கி. ஒரு காலுக்குப் பதில் மரக்குச்சி.

"பாவி, எந்த மருந்து ரூம்ல இருந்தானோ," என்றாள்.

பெட்டியிலிருந்த படத்திலும் அப்படியே இருந்தது. அதனாலென்ன? சிவகாசிப் பக்கத்துக்காரி பார்க்காத அச்சுப்பிழையா?

பழுதான சரக்கைக் கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்த அவளுக்கு மனசில்லை. கப்பலில் நின்ற ஒருவனிடமிருந்து கையையும் காலையும் பிடுங்கித் தலைவனுக்கு மாட்டினாள். இப்போது கொடுத்தவன் மொண்டியானான். அவனுக்காக விற்பனைக்கிருந்த டாக்டர் பொம்மைப் பெட்டியை உடைத்தாள். கறுப்புத் துணி முகத்தோடு அச்சாகியிருந்ததால், போலீஸ் பொம்மைப் பெட்டியையும் உடைத்துத் தலைவனின் தலையையே மாற்றினாள். உச்சியில் மண்டையோட்டுக் கொடி. மருந்து ரூம் கதவில் ஒட்டுகிற படம், பிள்ளைகள் வருகிற கடைக்கு ஆகாது. அதைக் கழற்றிவிட்டு டாக்டர் பெட்டியிலிருந்த ஆஸ்பத்திரிக் கொடியை ஏற்றினாள். மிச்சத்தைக் கூட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

பாய் வந்து பார்த்தார். குனிந்து கப்பலுக்குள் தேடினார்.

"கொள்ளக்காரன் எங்கம்மா?"

"எந்தக் கொள்ளக்காரன் பாய்?"

"இது கடல் கொள்ளக்காரன் கப்பலும்மா. நீ போலீஸ ஏத்தி நிறுத்தியிருக்க."

கையும் காலும் கண்ணும் இல்லாமலிருப்பதுதான் அவனுக்கு அடையாளம், எல்லாம் சண்டையில் போனது என்று விளக்கினார். பஞ்சவர்ணம் நம்பவில்லை.

"மூணும் ஒருத்தனுக்குச் சண்டையில போகாது பாய். வெடிச்சாத்தான் போகும்."

ஒன்று அவன் பழையபடி வர வேண்டும், இல்லையென்றால் அவள் கிளம்ப வேண்டும் என்றார் பாய். அவள் இடுப்பில் சேலையை இறுக்கிச் செருகிக்கொண்டு குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். அவசரத்தில் மரக்கால் டாக்டருக்குப் போனது. கறுப்புத் துணித் தலை போலீஸ் கழுத்தில் ஏறியது. காலுக்குப் பதில் கொக்கியை மாட்டித் தலைவனை நிற்க வைக்கப் பார்த்தாள்; அவன் குப்புற விழுந்து, கப்பலின் ஒரு பக்கத்தையும் கூடவே சரித்தான். எல்லாவற்றையும் பிரித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து கட்டினாள்.

பஜாரில் விளக்குப் போட்டபோது கப்பல் நின்றது. கொக்கி, மரக்கால், கறுப்புக் கண், மண்டையோடு, எல்லாம் அதனதன் இடத்தில். பாய் சுற்றிவந்து பார்த்தார்.

"நாளைக்கு நேரத்தோட வந்துரு," என்றார். பஞ்சவர்ணம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

எதிர் டீக்கடைக் காளிராஜ் டீத்தூக்கோடு வந்தார். அவருடைய வலது சட்டைக்கை முழங்கையோடு மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. பொம்மையையே பார்த்துக்கொண்டு நின்றவர், யார் இது என்று கேட்டார். கொள்ளைக்காரன், கப்பல் அவனுடையது என்றார் பாய்.

காளிராஜ் இடது கையால் டீயை நீட்டினார்.

"கை போனவன்கிட்டயே கப்பலும் இருக்கா? நம்ம பக்கம் பட்டாசு ஆலையில கை போனது எனக்கு, கப்பலு மாதிரி காரு மொதலாளிக்கு. நஷ்டஈடு இன்னும் பாக்கி."