வலிக்குக் கருணை மதிப்பெண்

அன்புத் தங்கை வேளாங்கண்ணிக்கு,

முத்தியால்பேட்டையிலிருந்து அண்ணன் யூஜின் எழுதிக்கொண்டது. மாதாவின் கிருபையால் காரைக்காலில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள். நான் சௌக்கியமா என்பதை முப்பது வருடம் நர்ஸாக இருந்த நீதான் சொல்ல வேண்டும். போனில் கேட்க வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் கடிதம்.

மார்ச் மாதம் எனக்கு விலாவில் அக்கி வந்ததும், கொப்புளம் காய்ந்த பிறகும் தணல் வைத்ததுபோல் வலித்ததும் உனக்குத் தெரியும். மூலக்குளத்து டாக்டரம்மா இரவுக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்து, "சார், வலிக்குப் பத்துக்கு எவ்ளோன்னு தெனம் ஒரு நோட்டுல மார்க் போடுங்க. அஞ்சத் தாண்டினா மட்டும் சாயந்திரம் இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்றார். முப்பத்துநான்கு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவனிடம் இதைச் சொன்னால் விடுவேனா? ஓரம் கோடு போட்டு, தேதி எழுதி, முதல் மாதம் எட்டு, ஏழரை, ஏழு என்று நேர்மையாகத்தான் போட்டேன். பிறகு வலி குறைந்தது. மார்க் குறையவில்லை. மாப்பிள்ளையின் தம்பியையே முப்பத்துநாலில் நிறுத்தியவன் நான். ஒரு மார்க் தரவில்லை என்று உன் மாமியார் சாகும்வரை என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்டவன் இன்று இரண்டு மார்க் வலிக்கு ஆறு போடுகிறேன். நாலு மணியானால் விலாவை அழுத்தி, திணறுகிற மாணவனிடம் கேட்பதுபோல் "நல்லா யோசிச்சுப் பாரு, வலிக்குதா இல்லியா?" என்று அதையே கேட்டு, எப்படியாவது பாஸ் பண்ணிவிடுகிறேன். மாத்திரை உள்ளே போன அரைமணியில் எதிர்ப் பட்டறையில் இரும்பு அறுக்கும் சத்தம்கூட இதமாக இருக்கிறது. எட்டு வருடமாக யார்மேல் நகராட்சிக்கு மனு எழுதினேனோ, அந்தப் பட்டறைக்காரருக்குப் போன வாரம் சிரித்துக் கையசைத்தேன். அவர் பயந்துபோய் மெஷினையே நிறுத்திவிட்டார். உன் அண்ணி ரூபியிடம் சொன்னால், "மாத்திர போட்டாத்தான் மனுசன் மாதிரி பேசறீங்க. கம்முனு போடுங்க" என்கிறாள்.

நேற்றுவரை அதை மருந்து என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று மாலை வெற்றிவேலின் மருந்துக்கடையில் எனக்கு முன்னால் என் பழைய மாணவன் கோவிந்தசாமி நின்றான். மூட்டை தூக்குகிறவன், நாற்பத்தைந்து வயது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இதே மாத்திரையைக் கேட்டான். டாக்டர் சீட்டு இல்லை.

"போதைக்குத் திங்கற மாத்திரைய என்கிட்ட வந்து கேக்கறியா? போய்யா அந்தாண்ட!" என்று வெற்றிவேல் கத்தினார்.

"நிக்க முடியலண்ணே."

"எல்லாரும் இதத்தான் சொல்றானுங்க!" என்றவர் என் பக்கம் திரும்பி, பூசைக்கு வந்தவர்போல் குரலைத் தாழ்த்தி, "சாருக்கு வழக்கமானதுதானே? பாவம், இந்த வயசுல என்னா வலியோ" என்று இரண்டு அட்டை எடுத்து வைத்தார். அந்த நிமிஷம் எனக்கு ஒரு வலியும் இல்லை, தங்கச்சி. கோவிந்தசாமி, "ஒடம்பப் பாத்துக்குங்க சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டு, இரண்டு படியை இறங்க முடியாமல் இறங்கினான். வலி அவனிடம், சீட்டு என்னிடம். ஆட்டோ பிடித்து அவனை டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க வேண்டாமா? தோன்றவேயில்லை. நாலு மணிக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

இன்று காலை சிவப்புப் பேனாவை எடுத்து நோட்டை மறுமதிப்பீடு செய்தேன். கடைசி இருபத்துமூன்று நாளும் ஃபெயில். திங்கட்கிழமை அதை அப்படியே டாக்டரம்மாவிடம் கொடுத்து உண்மையைச் சொல்லப் போகிறேன். அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பாரோ தெரியாது. ஆனாலும் சொல்வேன். நீ அதற்குள் நாலு வரி தைரியம் எழுது.

மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். மாதா கோயிலில் எனக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்று. காரணம் கேட்டால் யாரிடமும் சொல்லாதே.

தலைகுனிந்து,
உன் அண்ணன்
யூஜின்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் ரூபி நோட்டை வாங்கிப் போனாள். இப்போது மேசைமேல் புது நோட்டு இருக்கிறது. அதே தேதிகள், அவள் கையெழுத்து, எல்லா நாளும் எட்டு. பழையது எங்கே என்றேன். "கிழிச்சிப் போட்டுட்டேன். ஆறே பத்தாது, அதையும் செவப்புல அடிச்சா எப்டிங்க? எட்டு போட்டாத்தான் மாத்திர நம்ம ரெண்டு பேருக்கும் வரும்" என்றாள்.