பெத்திசம் குறைத்த வயது

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: கிராம முன்னேற்றச் சங்கத் தலைவர் நாகமணியர், கிராம அதிகாரியான விதானையார், கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜர், மாதர் பகுதியின் சார்பில் பொன்னம்மாக்கா, செயலாளராகிய நான், வாங்குக்குக் கீழே படுத்திருந்த ஒரு நாய். வராதவர்கள்: கிழவர்கள், கிழவிகள். கூட்டமோ வயோதிபர்களுக்கு வீடு கட்டுவது பற்றியது. ஆனால் எங்கள் குடியேற்றக் கொலனியில் வயோதிபர் என்று ஒருவருமே இல்லை. பகிடிக்குச் சொல்லவில்லை. அரசாங்கப் புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது.

இந்தப் பெருமை முழுவதும் ஒரே மனிதரைச் சேரும். இலங்கை முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும், ஒரு கிராமத்தையே ஒரே நாளில் பத்து வயது இளமையாக்கிய வைத்தியர் இன்னொருவர் அகப்படமாட்டார். அதற்கு அவருக்குச் செலவானது ஒரு போத்தல் மை. அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கொலனிக்கு அவர் பெத்திசம்.

பெத்திசம் என்றால் மேலிடத்துக்கு எழுதும் விண்ணப்பம். அதற்குள் முறைப்பாடு, கெஞ்சல், மிரட்டல் எல்லாம் அடக்கம். அதை எழுதுவதுதான் அவருக்குத் தொழில். கூலி ஐம்பது சதம். ஒவ்வொரு பெத்திசத்தின் அடியிலும் "எழுதுகூலி சதம் 50" என்று எழுதிக் கோடு கீறுவார். நாகமணியரின் மாடு பொன்னம்மாக்காவின் கத்தரித் தோட்டத்தை மேய்ந்தபோது, காலையில் பொன்னம்மாக்காவுக்காக ஒரு பெத்திசம் எழுதினார். பின்னேரம் நாகமணியருக்காக மறுமொழி எழுதினார். அதில், "முன்னைய பெத்திசத்தை எழுதியவர் உண்மையும் அறியார், இலக்கணமும் அறியார்" என்று இருந்தது.

வவுனியா பஸ் நேரத்துக்கு வருவதில்லை என்று இன்னொரு பெத்திசம். எத்தனை மணிக்கு வருகிறது என்று பஸ் கந்தோர் திருப்பிக் கேட்டது. கொலனியில் ஒருவரிடமும் மணிக்கூடு இல்லை. "சேவல் ஒருமுறை கூவி, மறுமுறை கூவுவதா விடுவதா என்று யோசிக்கும் நேரம்" என்று பதில் போட்டார். பஸ் கந்தோர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் அதுவரை எல்லோரும் பெருவிரலால்தான் கையெழுத்து வைத்தவர்கள். எஸ்.எஸ்.சி. சோதனையில் தேறி, பேனையால் வைத்த முதல் ஆள் நான். அதனால் பெத்திசம் என்னை "எஸ்.எஸ்.சி." என்றுதான் கூப்பிடுவார். மரியாதையாகவா, நக்கலாகவா என்பதை இன்றுவரை நான் தீர்மானிக்கவில்லை.

வயது குறைந்த கதை இது. பத்து வருடங்களுக்கு முன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் சனத்துக்கு இங்கே காணி கொடுத்தார்கள். பகுதி அதிகாரியான டி.ஆர்.ஓ.வின் கந்தோர்ச் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. வந்த பெரியவர்களில் வாசிக்கத் தெரிந்தவர் பெத்திசம் மட்டுந்தான். எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"நாப்பத்தஞ்சுக்கு மேலை எண்டால் காணி இல்லையாம்" என்றார்.

உடனே பாலை மரத்தின் கீழ் வைத்தியம் தொடங்கியது. அறுபது வயதுச் சரவணையர் நாற்பத்தைந்து ஆனார். ஐம்பத்தொரு வயதான என் அப்பர் நாற்பத்தொன்று ஆனார். என் மூத்த அண்ணருக்கு அப்போது முப்பத்துமூன்று. எட்டு வயதில் பிள்ளை பெற்ற என் அப்பருக்கு அரசாங்கம் ஒரு கேள்வியும் கேட்காமல் மூன்று ஏக்கர் கொடுத்தது.

இளமை எல்லோருக்கும் வசதியாகத்தான் இருந்தது, சரவணையரின் கண் மங்கும்வரை. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. காணியைத் தம்பியின் மகனான பெறாமகன் எடுத்துக்கொண்டு, "ரெண்டு கிழமைக்கு" என்று அவரைச் சங்கக் கடைச் சாக்கு அறையில் விட்டான். அவனுடைய கிழமை கொஞ்சம் நீளமானது. எட்டு மாதம் ஆகிவிட்டது. ஆளும் சாக்கும் ஒரே நிறமாகிவிட்டதால், மனேஜர் ஒருநாள் இரண்டையும் சேர்த்தே எண்ணியதாகக் கேள்வி.

கூட்டத்தில் மனேஜர் கையை விரித்தார். "மாசியிலை நெல்லு வருது. ஒண்டில் நெல்லு, இல்லாட்டிச் சரவணையர். ரெண்டையும் உள்ளுக்கு வைக்க ஏலாது."

சரவணையரைப் போல இன்னும் சிலர், ஒருவர் மாட்டுக் கொட்டிலில், ஒருவர் மருமகளின் வாய்க்கு எட்டிய தூரத்தில், என்று இருந்தார்கள். டி.ஆர்.ஓ. ஒரு வழி சொல்லியிருந்தார். பத்துக் கட்டில் போட ஒரு நீளவீடு, குசினி, சமைக்கவும் மருந்து கொடுக்கவும் ஒரு ஆள். பாதிச் செலவு அரசாங்கத்தினது, மீதி எங்களது. ஒரே நிபந்தனை: அறுபது கடந்த பத்துப் பேரைப் புத்தகத்தில் காட்ட வேண்டும்.

"அறுபது தாண்டின ஆக்கள் ஆர் இருக்கினம்?" என்று கேட்டேன்.

நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"எனக்கு வாற ஆவணிக்குத்தான் அம்பது" என்றா பொன்னம்மாக்கா. போன கிழமைதான் அவவின் பேத்திக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள்.

நாகமணியர் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, நீ படிச்சனி, உனக்கு இது விளங்காது. இப்ப வயசைக் கூட்டினால், அண்டைக்குப் பொய் சொன்னனாங்கள் எண்டு காணிப் பெமிற்றைப் பறிச்சுப்போடுவாங்கள். சரவணைக்கு வீடு கட்டப்போய் நாங்கள் எல்லாரும் சாக்குக்குள்ளை படுக்கிறதோ?"

யன்னலுக்கு வெளியே ஒரு இருமல் கேட்டது. பெத்திசம். கூட்டங்களுக்குள் அவர் வரமாட்டார். உள்ளே வந்தால், பிறகு அந்தக் கூட்டத்தை எதிர்த்து எழுத முடியாதாம்.

"குறைச்ச பேனை என்ரை. நாளைக்கு டி.ஆர்.ஓ.வட்டைப் போவம்" என்றார்.

நாகமணியரும் நானும் அவரோடு போனோம். டி.ஆர்.ஓ. பொறுமையான மனிதர். சொன்னதைக் கேட்டுவிட்டுப் பழைய கோவையை எடுப்பித்து, அந்த அறிவித்தலை எங்கள் பக்கம் திருப்பினார். நான் வாசித்தேன்: "கொடுக்கப்படும் காணித் துண்டுகள் 45க்கு மேற்படாது."

வயதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பெத்திசம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"எழுத்துப் பிழை ஒண்டும் இல்லை" என்றார்.

"பத்து வருசமாய் இந்த வழுக்கையோடை வயசைக் குறைச்சுச் சொல்லித் திரியிறன்" என்றார் நாகமணியர். "உம்மடை கண்ணாடிக்காகவோ காணும்?"

டி.ஆர்.ஓ. சிரிக்கவில்லை. "சட்டம் இல்லாட்டிலும் பொய் பொய்தான். பெமிற்றிலை பொய் வயசு குடுத்தது ஆர்? அது தெரியாமல் நான் ஒரு வயசையும் திருத்த ஏலாது."

நாகமணியர் தன் கால்விரல்களை எண்ணினார். நான் கூரையைப் பார்த்தேன். பெத்திசம் ஒரு தாள் கேட்டார். கோட்டுப் பையிலிருந்து மைப்போத்தலை எடுத்து மேசையில் வைத்து, அதிகாரியின் முன்னாலேயே எழுதினார்.

"மேற்படி கொலனியில் வசிக்கும் பெத்திசம் எனப்படும் ஆசாமி, எழுதப் படிக்கத் தெரியாத சனங்களின் பெருவிரலை வாங்கிக்கொண்டு, அவர்களைக் கேளாமலே வயதைக் குறைத்த பெரும் மோசக்காரன் ஆவான். சனங்கள் யாதொன்றும் அறியாதவர்கள்."

டி.ஆர்.ஓ. வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "இது உண்மையோ?"

"ஓம் ஐயா. எழுதின ஆள் நம்பிக்கையான ஆள்" என்றார் பெத்திசம்.

அது முழுப் பொய் என்பது எனக்குத் தெரியும். பாலை மரத்தின் கீழ் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு குறையுங்கோ அண்ணை" என்று கெஞ்சியவர் என் அப்பர். படித்தவனாகிய நான் அதை எடுத்துச் சொல்லியிருக்கலாம். கூரை மிகவும் சுவாரசியமாக இருந்தது.

டி.ஆர்.ஓ. பெமிற்றுகளை விட்டுவிட்டார். தண்டனை மோசக்காரனுக்கு மட்டும்: இனிமேல் எந்தக் கந்தோருக்கும் பெத்திசம் எழுதமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பெத்திசம் அதையும் தன் அழகான எழுத்திலேயே எழுதி, அடியில் கோழி கிண்டினதுபோல ஒரு கையெழுத்து வைத்தார். பெயரை அறியலாம் என்று குனிந்து பார்த்தேன். பிடிபடவில்லை.

பஸ்ஸில் வரும்போது என் தோளைத் தட்டினார்.

"எஸ்.எஸ்.சி., சங்க அலுவலாய் எழுதினது. எழுதுகூலி அம்பது சதம்."

"உங்களுக்கு எதிராய் நீங்களே எழுதினதுக்கோ?"

"ஆருக்கு எதிர் எண்டது வேறை கதை. மை என்ரை."

ஒரே மாதத்தில் கொலனி மளமளவென்று நரைத்தது. பதினொரு பேர் அறுபதைக் கடந்தார்கள். பொன்னம்மாக்கா மட்டும் ஐம்பதிலேயே நின்று, நீளவீட்டுக்குச் சமையல்காரியானா. மாசியில் நெல் வருவதற்கு நான்கு நாள் முன்னதாக, சரவணையர் முதற் கட்டிலில் படுத்து, "சாக்கு மணமில்லாமல் நித்திரை வருகுதில்லை" என்று குறை சொன்னார்.

எழுதமாட்டேன் என்றுதான் பெத்திசம் சத்தியம் பண்ணியிருந்தார். சொல்லமாட்டேன் என்று பண்ணவில்லை. ஆகவே சனம் வர, அவர் சொல்ல, நான் எழுதினேன். என் இலக்கணத்தை ஏசிக்கொண்டே கூலியை அவர் வாங்கினார். நானும் ஒருநாள்கூட முணுமுணுக்கவில்லை.

வருட முடிவில் கணக்குப் பார்க்க வந்தவர் மரம், ஓடு, சீமெந்து, கட்டில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இது என்ன சில்லறை, தம்பி?"

"மை" என்றேன்.

அவர் அதையும் கூட்டினார். நீளவீட்டுக்கு எங்கள் கொலனி கொடுத்தது ஆயிரத்து நூற்றெண்பது ரூபா ஐம்பது சதம்.